பாய்மரப் படகு மேல பதினேழு புகார்

அதைத்தான் தம்பி நானும் கேக்குறேன்! படகு ஓட்டத் தெரியலைன்னா வீட்டுல உக்காந்திருக்க வேண்டியதுதானே? ஆறு பேரைக் கூட்டிட்டுப் போய் நட்டநடுக்கடல்ல மணல் திட்டு மேல ஏத்தி நிறுத்திட்டு... கொஞ்சம் இப்படித் தள்ளி உக்காருங்க, உங்க தலை மேல ஏசி சொட்டுது. வாளி வச்சிருக்காங்க பாருங்க, அதுவும் ரொம்பி வழியுது. நீங்க டூல்ஸ் பெட்டியோட உள்ள நுழையும்போதே நினைச்சேன், அப்பாடா, மெக்கானிக் வந்துட்டாருன்னு. என்னது? மேனேஜரைப் பாக்கணுமா? பாக்கலாம் பாக்கலாம், உள்ள ஆள் இருக்கு. அந்தக் கேப்டன் பொண்ணுதான். முக்கால் மணி நேரமா அழுதுட்டிருக்கு. எனக்கு அடுத்துதான் நீங்க. உக்காருங்க.

அந்தச் சுவத்துல படத்தைப் பாத்தீங்களா? 'ஏழு நாள், பதினோரு தீவு, பாய்மரப் படகில் இளைஞர் குழுப் பயணம்'. ஒரு பொண்ணு தண்ணில குதிக்குது, நாலு பேரு பல்லைக் காட்டிட்டு நிக்கிறாங்க. நான் போன படகுல ஒருத்தன் பல்லையும் நான் பாக்கல தம்பி. மொத நாள் பாத்தேன். ரெண்டாம் நாள்லேர்ந்து எல்லாரும் என்னைப் பாத்தாலே அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்குவாங்க. இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பெரியவங்கன்னா மரியாதையே கிடையாது.

நீங்க நினைக்கிறது புரியுது. அறுபது வயசுல இந்த ஆளுக்கு எதுக்கு இளைஞர் குழுன்னு. நானா போனேன்? ரிட்டயர் ஆன அன்னிக்கு மகன் ஒரு கவரைக் கையில குடுத்தான். 'அப்பா, இது உங்களுக்கு'ன்னான். பிரிச்சா ஒரே ஒரு டிக்கெட்டு. உங்கம்மாவுக்கு எங்கடான்னா, அம்மாதான் வேணாம்னாங்கங்கிறான். அவகிட்டப் போய் ஏண்டின்னு கேட்டா, 'ஒரு வாரமாவது வீடு அமைதியா இருக்கட்டும்'ங்கிறா. முப்பத்தி நாலு வருஷம் குடும்பம் நடத்தினவ பேசுற பேச்சா இது? சரி போறேன்டின்னு கிளம்பிட்டேன். ரோஷம்.

வந்து பாத்தா எல்லாம் முதுகுல மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊர் சுத்துற கூட்டம். புதுசா கல்யாணம் ஆன ஒரு ஜோடி. லீவு போட்டுட்டு வந்த ரெண்டு நர்ஸுங்க. அப்புறம் ஒரு தாடி. அவன் என்ன வேலை பாக்குறான்னு கடைசி வரைக்கும் சொல்லல, கேட்டா கிட்டாரை எடுத்துடுறான். நான் மட்டும்தான் ஒழுங்கா ஒரு பெரிய சூட்கேஸோட வந்தவன். 'சார், மெத்துன்னு இருக்கிற பைதான் கொண்டு வரணும், பேப்பர்லயே போட்டிருந்தோமே'ங்கிறா அந்தக் கேப்டன். போட்டிருந்தா? உள்ள இடமில்லைன்னு அதை நடக்குற வழியில வச்சாங்க. போறவன் வர்றவன் எல்லாம் அதுல முழங்காலை இடிச்சுக்கிட்டு என்னை முறைக்கிறான். வழியில வச்சது யாரு? புகார் நம்பர் மூணு அது.

ஆமா தம்பி, எழுதிட்டேன். இந்தா இந்தப் பேப்பர். பதினேழு புகார், நம்பர் போட்டு, கீழ ஆறு பேர் கையெழுத்து. நமக்கு இதெல்லாம் கைவந்த கலை. நான் எடையளவு இன்ஸ்பெக்டர். முப்பத்தோரு வருஷம்! கடை கடையா ஏறி தராசைச் சோதிச்சவன். நான் தெருமுனையில திரும்புறேன்னாலே கடைக்காரங்க கடையை மூடிட்டு, சாவு வீட்டுக்குப் போயிட்டோம்னு அட்டை எழுதி மாட்டிருவாங்க. சும்மாவா? எடைக்கல்லைக் குடைஞ்சு உள்ள இருக்கிற ஈயத்தை எடுத்துருவான் ஒருத்தன். தட்டுக்கு அடியில மெழுகை ஒட்டுவான் இன்னொருத்தன். ஒரு கறிக்கடைக்காரன், ஆறு மாசமா என்னை ஏமாத்தினான். முள்ளு நேரா நிக்குது, கல்லு சரியா இருக்கு, ஆனா கறி மட்டும் குறையுது. ஒரு நாள் சட்டுனு குனிஞ்சு மேஜைக்கு அடியில கையை விட்டேன்... காந்தம்! பெட்டி மாதிரி ஒரு காந்தம். தட்டைக் கீழருந்து இழுத்துப் புடிச்சிட்டிருக்கு.

அப்ப அவன் என்ன சொன்னான் தெரியுமா? எல்லா கடைக்காரனும் சொல்ற அதே டயலாக்குதான். 'ஐயா, தெரியாம வச்சுட்டேன்யா.' தெரியாம வச்சியா? காந்தம் தானா நடந்து வந்து ஒட்டிக்கிச்சா? கடைக்கு சீல் வச்சேன். அவன் பொண்டாட்டி பிள்ளையோட வந்து கால்ல விழுந்தா. நான் அசையல. தப்புன்னா தப்புதான் தம்பி. தெரிஞ்சு பண்ணினாலும் தெரியாம பண்ணினாலும் குறைஞ்ச எடை குறைஞ்ச எடைதான்.

எங்க விட்டேன்? ஆங், படகு.

அதுக்குப் பேரு படகு! ஒரு கெட்டில் தாங்கல தம்பி. எனக்குக் காலையில எந்திரிச்சதும் வெந்நீர் குடிச்சாகணும், இல்லைன்னா வயிறு திறக்காது. வீட்டுலேர்ந்து கெட்டில் கொண்டு போயிருந்தேன். ரெண்டாம் நாள் காலையில பாக்குறேன், மொத்தப் படகுக்கும் ஒரே ஒரு பிளக்கு. அதுல ஏதோ டிவி மாதிரி ஒண்ணை மாட்டி வச்சிருக்கா. அதைப் புடுங்கிட்டு என் கெட்டிலைப் போட்டேன். பட்டுனு ஒரு சத்தம், ஒரு நாத்தம், அவ்வளவுதான். ஃபியூஸ் போச்சு, வயரும் கருகிப் போச்சு. வெந்நீரும் இல்ல. அந்தப் பொண்ணு ஓடி வந்து, 'ஐயோ சார், அது மேப் சார், அதைப் பாத்துதான் ஓட்டுறேன்'ங்கிறா. ஏம்மா, அவ்வளவு முக்கியமான சாமான்னா அதுக்குத் தனியா பிளக்கு வைக்க வேணாமா? புகார் நம்பர் ஏழு.

அந்தத் தாடிக்கு அன்னிக்கு வந்துதே கோவம்! போன்ல சார்ஜ் போட முடியலையாம். எல்லார் போனும் சாயங்காலத்துக்குள்ள செத்துப் போச்சு. அந்தப் பொண்ணு போன்ல மட்டும் கொஞ்சம் இருந்துச்சு. அவசரத்துக்குன்னு அணைச்சு வச்சிருந்தாளாம். எனக்கும் அவசரம்தானே? ஒரு தீவுப் பக்கம் போறப்ப சிக்னல் கிடைச்சுது, வாங்கி என் பொண்டாட்டிக்குப் போட்டேன். எடுத்ததும் 'ஏன் போன் பண்ணீங்க?'ங்கிறா. எப்படி இருக்கீங்கன்னு கேக்கல. சாப்பிட்டீங்களான்னு கேக்கல. அந்தக் கடுப்புல நடந்ததையெல்லாம் ஒண்ணு விடாம சொல்லி முடிக்கிறதுக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு. பாதியிலயே அவ வச்சுட்டான்னு நினைக்கிறேன். போனும் அணைஞ்சுது.

சிரிக்காதீங்க தம்பி. என் வேதனை எனக்கு.

இதுல இடுப்பு வலி வேற. டிஸ்க் கொஞ்சம் நகந்திருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. படகுல படுக்கைன்னு ஒரு பலகை குடுத்தாங்க, அதுல திரும்பிப் படுத்தா மூக்கு கூரையில இடிக்குது. என்னம்மா இதுன்னு சத்தம் போட்டேன். உடனே அந்தப் பொண்ணு தன் ரூமை எனக்குக் குடுத்துட்டு மேல பாய்மரத்துக்குக் கீழ துணியை விரிச்சு சுருண்டு படுத்துக்கிச்சு. ரெண்டு ராத்திரியும் அங்கதான் படுத்தா, ஒரு நாள் மழையில நனைஞ்சா. பாத்தீங்களா? பொறுப்புள்ள கேப்டன்னா ரூமை விட்டுக் குடுப்பாளா? புகார் நம்பர் ஒம்பது. கேப்டன் தன் இடத்துல இல்லை.

அந்த இடுப்புக்குத்தான் இந்த பெல்ட்டு. சட்டைக்குள்ள கட்டியிருக்கேன், வெளிய தெரியாது. என் மச்சினிச்சி வித்தது. அவ இதைத்தான் வீடு வீடா வித்துட்டிருக்கா, அவ சொன்னா வேணாம்னு சொல்ல முடியாது, வீட்டுல சோறு கிடைக்காது. மதியம் சாப்பிட்டதும் கட்டிக்கணும், ராத்திரி வரைக்கும் அவுக்கக் கூடாது, தண்ணி மட்டும் படவே கூடாதுன்னு ஆயிரம் கண்டிஷன். படகுல காலையில எல்லாம் உப்புத் தண்ணி மூஞ்சியில அடிக்குது. எங்க வைப்பேன்? நல்லவேளை, அந்த ஸ்டீரிங் இருக்குல்ல, அதுக்கு முன்னாடி இடுப்பு உயரத்துக்கு ஒரு மரத்தூண். அது மேல கண்ணாடி போட்டு காம்பஸ்ஸு. அதுக்கு நேர் கீழ, தூணுக்குள்ளயே சின்னக் கதவு வச்ச ஒரு அலமாரி. கச்சிதமான இடம்! ஒரு சொட்டுத் தண்ணி போகாது. பெல்ட்டைச் சுருட்டி உள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டா மதியம் வரைக்கும் கவலையில்ல. யாருக்கும் தெரியாது. தெரிஞ்சா அந்தத் தாடி எடுத்துப் பாட்டுப் பாடுவான்.

ஏன் எந்திரிக்கிறீங்க? உக்காருங்க, இன்னும் முக்கியமான கட்டத்துக்கே வரல.

மூணாம் நாள். காலையில ஏழு மணிக்கு நங்கூரத்தை எடுத்தாச்சு. அருவி இருக்கிற தீவுக்குப் பதினோரு மணிக்குப் போயிருவோம், அங்க குளிச்சுட்டுச் சாப்பிடலாம்னா. ஒரே மூட்டம், சுத்திலும் ஒரு கரையும் தெரியல. மேப் இல்லையே, அதனால அந்தக் காம்பஸ் முள்ளையே பாத்துப் பாத்து ஓட்டுறா. பதினோரு மணி ஆச்சு, அருவியைக் காணோம். பன்னண்டு ஆச்சு, தீவையே காணோம். நான் பக்கத்துலயே நின்னு, 'என்னம்மா, வழி தெரியுமா, தெரியாதா? தெரியலைன்னா சொல்லிரு'ன்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டுட்டே இருந்தேன். பொறுப்பா நாமதானே கேக்கணும்? அப்பதான் கீழருந்து கர்ர்ருனு ஒரு சத்தம். படகு அப்படியே சாஞ்சு நின்னுச்சு. மணல் திட்டு! சுக்கான் ஒடிஞ்சுது. அருவித் தீவு ஒரு திசையில இருக்கு, நாங்க வேற ஒரு திசையில போய் மாட்டிட்டு நிக்கிறோம்.

தண்ணி ஏற ஆறு மணி நேரம் ஆச்சு. அந்த ஜோடி மொத சண்டையைப் போட்டுச்சு. எனக்குக் கவலை ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம். மதியம் ரெண்டு மணிக்குப் பெல்ட்டை எடுத்துக் கட்டிக்கிட்டு ரூமுல போய்ப் படுத்துட்டேன். கேப்டன் பொண்ணு கழுத்தளவு தண்ணியில இறங்கி முட்டுக் குடுத்துட்டு நின்னா. கடைசியில ஒரு மீன் படகு வந்து இழுத்துட்டு வந்துச்சு. நாலு நாள் பயணம் கோவிந்தா. மிச்சம் எட்டுத் தீவு பாக்கி!

இப்ப அவ என்ன சொல்றா தெரியுமா உள்ள? காம்பஸ் தப்பாக் காட்டிருச்சாம்! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அதுலயும் கேளுங்க கூத்தை. காலையில தப்பாக் காட்டுச்சாம், மதியம் ரெண்டு மணிக்கு மேல அதுவே சரியாகிருச்சாம். 'நான் என் கண்ணால பாத்தேன் சார், முள்ளு மெதுவா திரும்பிச்சு'ங்கிறா. முள்ளுக்கு என்ன, தூங்கி எந்திரிச்சா மூடு மாறுமா? முப்பத்தோரு வருஷமா எனக்குக் கேட்டுப் பழகின பேச்சு இது. மாட்டுனவன் எல்லாம் கருவி மேலதான் பழி போடுவான்.

ஏதோ காம்பஸ் பாக்குற ஆளை வேற வரச் சொல்லியிருக்காங்களாம். நேத்தே படகுல போய்ப் பாத்துட்டானாம், இன்னிக்கு மேனேஜர்கிட்ட வந்து சொல்லப் போறானாம். வந்து என்ன சொல்லப் போறான்? எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொல்வான். அதுகூட என் பேப்பரும் சேந்துச்சுன்னா முடிஞ்சுது கதை. அவளுக்கு லைசென்ஸ் கிடைச்சே எட்டு மாசம்தானாம். அதைப் புடுங்கிருவாங்க. அப்புறம் எந்தக் கம்பெனியும் அவ கையில படகைக் குடுக்காது. குடுக்கக் கூடாது!

கையெழுத்து வாங்குறதுக்குள்ள எனக்குத் தாவு தீந்துருச்சு தம்பி. தாடி போட்டுட்டான், ஜோடி ஆளுக்கொரு பக்கம் போட்டுச்சு. அந்தச் சின்ன நர்ஸுதான் முடியவே முடியாதுன்னா. 'அவங்க ராத்திரியெல்லாம் தூங்காம எங்களைப் பாத்துக்கிட்டாங்க அங்கிள், எனக்கு மனசு வரல'ன்னு கண்ணு கலங்குறா. நான் விடுவேனா? ரெண்டு மணி நேரம் பக்கத்துல உக்காந்து பேசினேன். 'நாளைக்கு இவளை நம்பி இன்னொரு குடும்பம் ஏறும், முழுகிப் போனா நீ பதில் சொல்வியா'ன்னு கேட்டேன். அப்புறம்தான் போட்டா. நான் பேச ஆரம்பிச்சா எல்லாரும் போட்டுருவாங்க, அது ஒரு ராசி.

இருங்க, கதவு தொறக்குற மாதிரி இருக்கு, எட்டிப் பாக்குறேன்... ச்சே! சனியன், இந்த நாற்காலி வேற. பாத்தீங்களா, நான் எந்திரிச்சா கூடவே எந்திரிக்குது! இரும்பு நாற்காலில சாஞ்சாலே இப்படித்தான், டக்குனு புடிச்சுக்கும். கொஞ்சம் இழுங்க தம்பி. அந்தப் பக்கம், அந்தப் பக்கம்... ஆங், வந்துருச்சு.

பெல்ட்டுதான். சொன்னேனே, மச்சினிச்சி பெல்ட்டு. ஏன் ஒட்டுதுன்னா... உள்ள காந்தம் இருக்குல்ல. இருபத்திரண்டு காந்தம், வரிசையா வச்சுத் தச்சிருக்கு. ரத்தத்துல இருக்கிற இரும்பை இழுத்து ஓட வைக்குமாம், அப்ப வலி தெரியாதாம். நல்ல பவரு. வீட்டுல ஒரு தடவை பீரோக் கதவுல ஒட்டிக்கிட்டு அரை மணி நேரம்...

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க?

பெட்டியைத் தொறக்குறீங்க... ஏசி அந்தப் பக்கம் இருக்கு. இது என்னது, சின்னதா, டப்பி மாதிரி... அட, காம்பஸ்ஸு! ஏசி மெக்கானிக்குக்கு எதுக்குத் தம்பி காம்பஸ்ஸு?

ஓ.

நேத்து... படகுல போய்ப் பாத்தது... நீங்களா?

சரி, அதை ஏன் என் இடுப்புகிட்ட கொண்டு வர்றீங்க? அட, முள்ளு ஆடுது. திரும்புது. என்னைப் பாத்து நிக்குது. நான் இந்தப் பக்கம் நகந்தா... இந்தப் பக்கம் வருது. அந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம் வருது. ஹெ ஹெ, நாய்க்குட்டி மாதிரி என் பின்னாடியே... வருதே...

...

அந்த அலமாரி. காம்பஸ்ஸுக்கு நேர் கீழ. காலையில உள்ள வச்சேன். மதியம் ரெண்டு மணிக்கு... எடுத்தேன்.

தட்டுக்கு அடியில, அந்தக் கறிக்கடைக் காந்தம் மாதிரி.

ஐயையோ.

இல்ல, இருங்க. ஒரு நிமிஷம் உக்காருங்க தம்பி. அந்தப் பொண்ணு சொன்னது... முள்ளு மெதுவா திரும்பிச்சுன்னு சொன்னாளே, அது நிஜம்! நான் என்ன பேச்சுப் பேசினேன் அவளை. அஞ்சு பேரு முன்னாடி, 'உனக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்'னு கேட்டேன். அதுக்கு அவ என்ன கேட்டா தெரியுமா தம்பி? 'இடுப்பு எப்படி இருக்கு சார்'னு கேட்டா.

நான் என்ன சொல்றேன்னா... இதை நமக்குள்ள... நீங்க உள்ள போய்ப் பொதுவா, கடல்ல ஏதோ... கப்பல் ஏதாவது பக்கத்துல போனா முள்ளு ஆடாதா? ஆடும்னு சொல்லுங்களேன். அவ வேலையும் போக வேணாம், என் பேரும்... நான் முப்பத்தோரு வருஷம் இன்ஸ்பெக்டர். என் வீட்டுல தெரிஞ்சா? என் பொண்டாட்டி சிரிச்சே... அந்தத் தாடி பாட்டே கட்டிருவான். ஒரு தடவை தம்பி, ஒரே ஒரு தடவை.

எங்க எந்திரிக்கிறீங்க? பேப்பரை எதுக்கு எடுத்தீங்க? அதைக் குடுங்க, நான் கிழிச்சுடறேன், இப்பவே கிழிச்சுடறேன். ஏங்க, வெளிய போற வழி இந்தப் பக்கம். அது மேனேஜர் ரூமு! இருங்க, நானும்... ச்சே, இந்த நாற்காலி மறுபடியும்... விடு சனியனே, விடு... சார்! சார், ஒரு நிமிஷம், கதவைச் சாத்தாதீங்க சார்...

ஐயா... தெரியாம வச்சுட்டேன்யா!